அரை ஸ்பூன் மாமாவும் மணத்தக்காளி வத்தலும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தீவில் ஜின்னைப் பற்றி அதிகம் தெரிந்தவரும், அதைக் குறைவாகக் குடித்தவரும் ஒரே ஆள்தான். இதை நான் எந்தச் சபையிலும் துண்டு போட்டுத் தாண்டிச் சத்தியம் பண்ணுவேன். 'ஸ்ரீரங்கத்திலாவது, ஜின்னாவது' என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் பிதுக்கினேன்.

பாங்கில் மாற்றலாகி, குடும்பத்தைச் சென்னையில் விட்டுவிட்டு, அம்மா மண்டபம் ரோடு பக்கம் ஒரு அடுக்கு வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தேன். எனக்கு நேர் கீழே முதல் மாடியில் அவர். பெயர்ப் பலகையில் நீளமாக ஏதோ இருந்தது, யாரும் படித்ததில்லை. வாட்ச்மேன் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் அரை ஸ்பூன் மாமா. குழந்தைகளின் காய்ச்சல் மருந்தோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் வருமே, நடுவில் கோடு போட்டு? அந்தக் கோடு வரைக்கும்தான் ஊற்றிக்கொள்வார். ஜின்னோ, ஆரஞ்சு மதுவோ, காபி மதுவோ, எது வந்தாலும் அரை ஸ்பூன். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு ஏறிவிட்டால் அந்தச் சொட்டைத் திரும்பப் பாட்டிலில் விடுவார்.

"குடிக்கறவா வேற, பாக்கறவா வேற பாங்க்கு. நான் பாக்கறவன்" என்பார். என்னை அவர் கடைசி வரை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பாங்கில் வேலை பார்ப்பதால் பாங்க்கு.

அவருடைய உத்தியோகமே அதுதான், பார்ப்பது. காந்தி மார்க்கெட்டில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நாற்பது வருஷம் மூட்டைகளை முகர்ந்து தரம் சொன்னவர். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு தேய்ப்பு, ஒரு மூச்சு. "போன வருஷத்துது. மழையில நனைஞ்சிருக்கு. மூட்டைக்குப் பக்கத்துல யாரோ பீடி பிடிச்சிருக்கான்." பீடி பிடித்தவன் அங்கேயே நின்று தலையைச் சொறிவான். ஓய்வு பெற்ற பிறகும் வியாபாரிகள் விடவில்லை. வாரநாளில் எப்போது பார்த்தாலும் அவர் வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே பேப்பர் பொட்டலத்தில் ஏலக்காயோ, சோம்போ, மிளகோ வைத்துக்கொண்டு யாராவது தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள். அந்தச் செருப்புகள்தான் மாமாவுக்குப் பென்ஷன். அவர் வாங்கிய ஒரே பென்ஷனும் அதுதான்.

ஜின் வந்தது லண்டன் மருமான் வழியாக. விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலை யாருக்கோ கொடுக்க வேண்டியவன், அந்த யாரோ ஊரில் இல்லாததால் மாமா வீட்டில் வைத்துவிட்டுப் போனான். மாமா மூடியைத் திறந்து சும்மா ஒரு மூச்சு இழுத்தார். அவ்வளவுதான், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

"பாங்க்கு, சத்தியமாச் சொல்றேன். பாட்டிலுக்குள்ள என் கடை இருந்துது. கொத்தமல்லி விதை, ஏலக்காய், லவங்கப்பட்டை, அதிமதுரம், எலுமிச்சைத் தோல்! நாப்பது வருஷமா நான் தரம் பார்த்த சரக்கையெல்லாம் வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தெரியாமக் கரைச்சு வச்சிருக்கான். கண்டுபிடிக்கறது என் கடமையா இல்லையா?"

கடமை என்று வந்துவிட்டால் யார் தடுக்க முடியும்? மாமி தடுத்துப் பார்த்தார். முடியாமல், சட்டம் போட்டார். பாட்டில் சமையலறைக்குள் வரக் கூடாது. பின் பால்கனியில் இருக்கிற பழைய இரும்பு அலமாரிதான் அதன் இடம். வீட்டுப் பாத்திரம் எதிலும் ஊற்றக் கூடாது, மருந்துக் கடையிலிருந்து வாங்கிய சின்னக் கண்ணாடிக் குப்பிகளில்தான். ஏகாதசி கூடாது, அமாவாசை கூடாது, புரட்டாசி சனிக்கிழமை கூடாது, மார்கழி மாதம் முழுவதும் அலமாரிக்குப் பூட்டு. இந்தத் தேதிகளையெல்லாம் வட்டம் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காலண்டர் தொங்கும். அலமாரி திறந்திருக்கும் நேரத்தில் மாமி ஹாலுக்கு வர மாட்டார். அது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். சமையலறையில் இருந்துகொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

வேளை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. "மூக்கு காலம்பறதான் முழிச்சிண்டிருக்கும். சாயங்காலம் அதுக்குத் தூக்கம்" என்பது மாமாவின் சித்தாந்தம். வெந்நீரில் வாய் கொப்பளிப்பார். ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் நடுவில் நாலு அரிசிப் பொரி. சபையில் மூன்றே பேர். மாமா, நான், அப்புறம் வையம்பட்டிக்காரர்.

வையம்பட்டிக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலையும் எள்ளும் போடுகிற விவசாயி. ஒரு காலத்தில் அவர் கொண்டுவந்த எள் மூட்டையை மாமா மார்க்கெட்டில் நாலு பேர் முன்னால் "மண்ணெண்ணெய் நாத்தம்" என்று திருப்பி அனுப்ப, இவர் "எவன்டா சொன்னது" என்று துண்டை உதறிக்கொண்டு வர, கடைசியில் மூட்டை வந்த வண்டியில் மண்ணெண்ணெய் டின் உருண்டு கிடந்தது தெரிந்தது. அன்றிலிருந்து இருவரும் இணைபிரியா நண்பர்கள். ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து வந்துவிடுவார். மாமா அரை ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ள, குப்பியில் மிஞ்சியதை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

மாமாவின் தீர்ப்புகள் ஒரு நோட்டில் ஏறும். மேலே 'ஸ்ரீ:' போட்டு, பாட்டிலின் நிறம், தேசம், தீர்ப்பு. ஒவ்வொன்றின் கீழும் 'பார்த்தது: அடியேன்' என்று ஒரு கையெழுத்து. சிலவற்றை எனக்கு மனப்பாடமாகவே சொல்லத் தெரியும். காபி மது ஒன்றுக்கு, 'இரண்டாம் டிகாக்‌ஷன். சிக்கரி இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன்.' பால் கலந்த மது ஒன்றுக்கு, 'பாதாம் கீர் பண்ணத் தெரியாதவன் பண்ணினது.' சோம்பு மதுவுக்கு, 'ஓட்டலில் பில்லோடு வைப்பதைப் பாட்டிலில் அடைத்திருக்கிறான். தனியாக வேறு வாங்குவானேன்?' பச்சை நிறப் புதினா மதுவுக்கு ஒரே வரி, 'பல் தேய்த்தாயிற்று.' கோவாவிலிருந்து வந்த ஜின்னுக்கு மட்டும் பாசம் பொங்கும். 'நம்ம பிள்ளை. ஏலக்காய் கை தாராளம். கொத்தமல்லியை இன்னும் கொஞ்சம் இடித்திருக்கலாம்.'

எதோடு வேண்டுமானாலும் ஒப்பிடுவார், ஒன்றைத் தவிர. ஒருநாள் நான் வாய் சும்மா இருக்காமல், "மாமா, இதுல பச்சைக் கற்பூரம் மாதிரி ஒரு வாசனை, நம்ம கோயில் தீர்த்தத்துல..." என்று ஆரம்பித்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அபசாரம்! அபசாரம்! பாங்க்கு, கீழ இறங்கிப் போய் காலலம்பிண்டு வா." போய்விட்டுத்தான் வந்தேன்.

இத்தனை தெரிந்தவருக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஜின்னுக்கு ஜின் என்கிற குணத்தைக் கொடுக்கிற காய், ஜூனிப்பர். அது இல்லையென்றால் அது ஜின்னே இல்லை என்று எல்லா பாட்டிலும் சத்தியம் செய்கிறது. ஆனால் காந்தி மார்க்கெட்டில் கிடையாது. பெரிய கடை வீதி நாட்டு மருந்துக் கடைகளில் ஏறி இறங்கினார், படம் காட்டினார், ஒவ்வொருவரும் ஒவ்வொரு உருண்டையை எடுத்துக் கொடுத்து ஏமாற்றினார்கள். "என் மூக்குக்குத் தெரியாத ஒரு சரக்கு லோகத்துல இருக்கே" என்று ராத்தூக்கம் போய்விட்டது. கடைசியில் லண்டன் மருமானுக்குச் சொல்லி, ஊருக்கு வந்த அவன் சிநேகிதன் மூலம் கால் கிலோ காய் வந்து சேர்ந்தது. கறுப்பாக, சுருங்கி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்த ஞாயிறு சபையில் திறக்க வேண்டும் என்று பிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, மாமா கோயிலுக்குப் போனார்.

மாமி அதைப் பார்த்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மணத்தக்காளி வத்தல்!

நல்லெண்ணெயில் வறுத்து, புளியைக் கெட்டியாகக் கரைத்து, அருமையான வத்தக்குழம்பு. எனக்கும் ஒரு கிண்ணம் மேலே வந்தது. முதல் வாய் சாப்பிட்டதும், புதிதாக வார்னிஷ் அடித்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஏதோ நம் நாக்கில்தான் கோளாறு என்று இரண்டாவது வாய் எடுக்கும்போது கீழேயிருந்து ஒரு கூச்சல்.

"அடியே! லண்டன்! குழம்புல லண்டன்!"

ஓடினேன். தட்டு முன்னால் மாமா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் கண்ணீர். எதிரே மாமி, கரண்டியோடு, பத்ரகாளியாக.

"என் வாணலியில ஜின்னா? எனக்குத் தெரியாம என் வாணலியிலயா?"

"ஜின் இல்லைடி, வெறும் காய். சத்தியமா வெறும் காய். மாமரத்துல மாங்கா மாதிரி அது ஒரு மரத்துல காய்க்கறது."

மாமி வாணலியை மூன்று தரம் புளி போட்டுத் தேய்த்தார். அப்புறம் மிச்சமிருந்த காயில் ஒன்றை நசுக்கி, நீதிபதி மாதிரி நிதானமாக மோந்து பார்த்தார். "இந்த நாத்தம் எனக்கு இனி ஏழு ஜன்மத்துக்கும் மறக்காது" என்றார். மறக்கவில்லை. அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கொரோனா வந்தது. மாமாவுக்கும் வந்தது, பத்து நாளில் போனது. ஊரடங்கெல்லாம் முடிந்து ஞாயிறு சபை மறுபடி கூடியபோது, வீட்டில் ஏதோ மாறியிருந்தது. பாட்டில் இருக்கும் திசையில் திரும்பாத மாமி, பின் பால்கனியிலிருந்து குப்பித் தட்டைத் தானே எடுத்து வந்தார்! சமையலறை வாசலில் நின்று ஒவ்வொரு குப்பியையும் முகத்துக்கு நேரே தூக்கி, "அழுக்கா இருக்கான்னு பார்த்தேன்" என்றார். ஹாலின் நிலைப்படிக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாமா அரை ஸ்பூனை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். முன்பெல்லாம் மூன்று நொடியில் தீர்ப்பு வரும். இப்போது வாயைக் குதப்பிக்கொண்டே இருக்கிறார். சமையலறையிலிருந்து மாமியின் குரல்.

"ஏண்ணா! அந்த ஏலக்காய் டப்பா எங்க வச்சேள்? நார்த்தங்காய் வேற வாங்கணும்!"

மாமா கண்ணைத் திறந்தார். "ஏலக்காய். பின்னாடி நார்த்தந்தோல். எழுதிக்கோ பாங்க்கு."

முதல் வாரம் நான் எதுவும் நினைக்கவில்லை. இரண்டாவது வாரம் மாமி சுக்கைத் தேடினார், மாமா சுக்கைக் கண்டுபிடித்தார். மூன்றாவது வாரம் அதிமதுரம். தொண்டை கட்டாத வீட்டில் அதிமதுரம் எதற்கு என்று ஒரு பொறி தட்டியது.

விஷயம் உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் வீட்டுச் சொந்தக்காரர் மாமாவிடம் கொடுத்து வைத்திருந்த வாடகை ரசீதை வாங்கப் போனேன். படி இறங்கும்போதே பால் தீய்ந்த நாற்றம். சமையலறையில் புகை. மாமா பத்தடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, "வா பாங்க்கு" என்று சிரித்த முகமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பீடிப் புகையை மூட்டைக்குள்ளிருந்து பிரித்து எடுத்த மூக்கு! நான் ஓடிப்போய் அடுப்பை அணைக்கவும், கோயிலிலிருந்து மாமி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. கரிந்த பாத்திரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாங்க்கு" என்றார் மெதுவாக. "உனக்கு ஒரு வாசனையும் வரலை. கேட்டியா?"

"வரலை மாமி."

"டாக்டரைத் தனியாக் கேட்டேன், கொரோனாவுல போன மூக்கு திரும்பி வரலாங்கறார், வராமலும் போகலாங்கறார். இவர் என்கிட்டயே சொல்லலை. நானும் கேட்கலை. ரசத்துக்குப் பெருங்காயமே போடாம ஒருநாள் வச்சேன். பேஷ் பேஷ்னு சாப்பிட்டார். அன்னிக்குத் தெரிஞ்சுண்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூக்கு போயிடுத்துன்னு மார்க்கெட்டுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு இந்த வாசல்ல ஒரு செருப்பு கிடக்குமா சொல்லு? அந்த மனுஷர் என்ன பண்ணுவார்?"

ரசீது வாங்காமலே மேலே போய்விட்டேன்.

வாரநாளில் வியாபாரிகள் வரும்போதும் மாமி இதே வித்தையைச் செய்து சமாளித்து வந்தார். பொட்டலத்தை முதலில் வாங்கிக்கொண்டு போய் ஒரு தட்டில் கொட்டி எடுத்து வருவார். ஆனால் எவ்வளவு நாளைக்கு வீட்டிலேயே காவல் இருக்க முடியும்? மாமி உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை பார்த்து வையம்பட்டிக்காரர் வந்தார். மழையில் நனைந்த எள் மூட்டையில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு, தேறுமா தேறாதா என்று கேட்க. பொட்டலத்தைப் பிரித்தாலே பூசண வாடை பத்து வீட்டுக்கு அடிக்கிற எள். மாமா ஒரு கை அள்ளி, தேய்த்து, மூச்சு இழுத்து, "பேஷ்! முதல் தரம்!" என்றார்.

வையம்பட்டிக்காரர் ஆடிப்போய்விட்டார். அந்த ஞாயிறு சபையில் நேராகவே கேட்டுவிட்டார். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. மூக்கு இருக்கா, போயிருச்சா?"

மாமா எழுந்து நின்றார். ஐந்தடி இரண்டு அங்குலம் மனுஷர், ராஜகோபுரம் மாதிரி நின்றார்.

"ஓய் வையம்பட்டி! என் மூக்கையா சந்தேகப்படறீர்? அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு குப்பி வையும். உமக்கு இஷ்டப்பட்டதை ஊத்தும். ஒண்ணு தப்பினாலும் இந்த நோட்டைக் கொண்டுபோய் அம்மா மண்டபத்துல காவிரியில விட்டுடறேன். மார்க்கெட்டுல நீரே போய்ச் சொல்லும், இனிமே யாரும் என்னைத் தேடிண்டு வர வேண்டாம்னு!"

பேச்சு கம்பீரம்தான். சமையலறையில் ஒரு தம்ளர் கீழே விழுந்து உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வையம்பட்டிக்காரர் ஒரு துணிப் பையோடு வந்தார். பின் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு தானே மூன்று குப்பிகளை நிரப்பினார். மாமி வழக்கம்போலத் தட்டை எடுக்கப் போனார்.

"அம்மா, நீங்க இருங்க. இன்னைக்கு உங்களுக்கு எதுக்குச் சிரமம்? தம்பி எடுத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் ஹாலுக்குப் போய் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

மாமி முகம் வெளிறிவிட்டது. தட்டு என் கையில். பால்கனியிலிருந்து ஹாலுக்கு வர, சமையலறை வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் பாங்கில் வேலை பார்ப்பவன், ஐயா. கையெழுத்தில் சுழி ஒன்று குறைந்தாலே செக்கைத் திருப்பி அனுப்புகிற ரகம். பரீட்சை என்றால் பரீட்சை, அதில் கள்ளத்தனம் கூடாது என்று வளர்ந்தவன். அதெல்லாம் எட்டு எட்டு நடக்கும் வரைக்கும் இருந்தது. ஒன்பதாவது எட்டு சமையலறை வாசலில். கால் நின்றுவிட்டது.

"மாமி," என்றேன், "குப்பி சுத்தமா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் நாலு பரீட்சையில் திருடத் தயார். குனிந்தார். மூன்று குப்பி, மூன்று மூச்சு. "சுத்தமாத்தான் இருக்கு. எடுத்துண்டு போ."

மாமா முதல் குப்பியை எடுத்தார். அரை ஸ்பூன். கண் மூடியாயிற்று.

"ஏண்ணா!" உள்ளேயிருந்து குரல். "அன்னிக்கு வச்சேனே, அந்த வத்தக்குழம்பே வைக்கட்டுமா? ஆரஞ்சு கூட நாலு இருக்கு!"

"ஜூனிப்பர்," என்றார் மாமா. "ஆரஞ்சுத் தோல். லண்டன்காரன். அடுத்தது."

இரண்டாவது. நாலு பொரி. அரை ஸ்பூன்.

"வத்தக்குழம்போட ஏலக்காய் போட்டு ஒரு பாயசம் பண்ணிடறேன்!"

"ஜூனிப்பர், ஏலக்காய் தாராளம். நம்ம கோவாப் பிள்ளை. ஓய், இதெல்லாம் ஒரு பரீட்சையா?"

வையம்பட்டிக்காரர் அசையவில்லை. மாமா மூன்றாவது குப்பியை எடுத்தார். அரை ஸ்பூனை நாக்கில் வைத்தார். உள்ளே மாமி வாயைத் திறந்தது எனக்கு நிலைக்கண்ணாடியில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது.

சாதாரண விசிலா அது? எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மாமி சொன்னது எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. மாமா வாயைக் குதப்பினார். நெற்றியில் வியர்வை. நோட்டை மெல்லத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். காவிரியில் தண்ணீர் வேறு நிறையப் போய்க்கொண்டிருந்தது, அந்த வாரம்தான் மேலே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

"என்ன சாமி? மூணாவதுல சிக்கலா?"

விசில் நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம். பிறகு, மாமி சட்டம் போட்ட நாளிலிருந்து நடக்காத ஒன்று நடந்தது. அலமாரி திறந்திருக்கும்போது, குப்பி கண்ணுக்கு எதிரே இருக்கும்போது, மாமி சமையலறையை விட்டு வந்து ஹாலின் நடுவில் நின்றார். மூக்கைப் பொத்தவில்லை.

"ஏண்ணா, நன்னா கேட்டுக்கோங்கோ. மூணாவதா ஒண்ணும் பண்ணப் போறதில்லை. வத்தக்குழம்புக்கு இடமே இல்லை. ஆத்துல இருக்கறது வெறும் கொத்தமல்லி விதையும் எலுமிச்சைத் தோலும்தான். அவ்வளவுதான் இருக்கு."

மாமா விழுங்கினார். ஸ்பூனைக் கீழே வைத்தார். பழைய கம்பீரம் கால் முதல் தலை வரை ஏறியது.

"ஓய் வையம்பட்டி! யாரை ஏமாத்தப் பாக்கறீர்? இது ஜின்னே இல்லை. ஜூனிப்பர் வாடையே கிடையாது. வெறும் வோட்காவுல கொத்தமல்லி விதையும் எலுமிச்சைத் தோலும் ஊறப் போட்டிருக்கீர்!" அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கா தெரியும் நிறுத்த? "அந்தக் கொத்தமல்லியும் போன வருஷத்துது!"

போன வருஷம் என்பது மாமி சொல்லாத சங்கதி.

வையம்பட்டிக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மாமியையே பார்த்தார். பிறகு எழுந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரியாச் சொன்னீங்க சாமி. மூணும் சரி. நான்தான் தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றார்.

பஸ் ஏற்றிவிட அவரோடு கீழே இறங்கினேன். படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, கொத்தமல்லி எங்க கொல்லையில போன வாரம் அறுத்தது. இன்னும் ஈரங்கூடக் காயல."

"அப்புறம் ஏங்க சரின்னு சொன்னீங்க?"

"அம்மாவே ஹாலுக்கு வந்துட்டாங்க. அதுக்கு மேல என்ன தம்பி பரீட்சை?" என்றார். அடுத்த புதன்கிழமை எள்ளோடு வந்தபோது பொட்டலத்தை மாமி கையில்தான் கொடுத்தாராம். "அம்மா, கல்லு கிடக்கான்னு கொஞ்சம் பார்த்துட்டு சாமிகிட்டக் குடுங்க." வாசலில் செருப்புகள் குறையவில்லை.

எனக்கு மறுபடி சென்னைக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு வரப் போனபோது மாமா நோட்டை என்னிடம் கொடுத்து, "கடைசியா ஒரு தரம் பார்த்துக்கோ, வேற எங்க கிடைக்கும் உனக்கு" என்றார். அவர் மாமியைக் கூப்பிட உள்ளே போன நேரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தேடினேன். மூன்று தீர்ப்பும் இருந்தது. கீழே வழக்கமான கையெழுத்து கொஞ்சம் மாறியிருந்தது.

'பார்த்தது: அடியேன். மூக்கு: ஆத்துக்காரி. வையம்பட்டிக்குத் தெரியும். பாங்க்குக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம், பாவம், சந்தோஷமாகச் செய்கிறாள்.'

நோட்டை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். மாமி எனக்கு மணத்தக்காளி வத்தல் ஒரு டப்பா கொடுத்தார். அசல் மணத்தக்காளி, மோந்து பார்த்துத்தான் வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் யாராவது வெளிநாட்டிலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால், ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறேன். அரை ஸ்பூன்தான். நாக்கில் வைத்துக் கண்ணை மூடியதும், என் காது தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொள்கிறது.